விழுப்புரத்தில் இறங்குவோம்!

கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து, குடில் இன்னும் கலைக்கப்படாதிருக்கும் நாட்களில், நம் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். பள்ளிகளுக்கு அரையாண்டு விடுமுறை. வீட்டுத் தலைவருக்கும் இரண்டொரு நாள் விடுப்பு மீதம் இருக்கிறது. விழா வேலைகளில் இடுப்பொடிந்த இல்லத்தரசிக்கோ, அடுப்பங்கரையை விட்டு எங்கேனும் இரண்டு நாள் சென்றுவந்தால் போதும் என்றிருக்கிறது. "எங்கே போகலாம்?" என்று கேட்டவுடன் ஊட்டி என்பார் ஒருவர், கோடைக்கானல் என்பார் இன்னொருவர், மூணாறு, கன்னியாகுமரி என்று பட்டியல் நீளும்.

பிறகுதான் கணக்குப் பேச்சு வரும். இரயிலில் இடம் இல்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் விடுதி வாடகை ஏறியிருக்கிறது. ஐந்து பேருக்குச் சாப்பாட்டுச் செலவு, வாடகைக் கார், குழந்தைகளின் ஆசைக்குக் கொஞ்சம் என்று கூட்டிப் பார்த்தால், பொங்கலுக்கு வைத்த பணமும் போதாது. சில குடும்பங்கள் ஆசையை அடக்கிக்கொள்கின்றன. சில குடும்பங்கள் கைமாற்று வாங்கிப் புறப்படுகின்றன. மூன்று நாள் மகிழ்ச்சிக்கு மூன்று மாதம் வட்டி கட்டுகின்றன. இளைப்பாறச் சென்றவர்கள் இளைத்துத் திரும்புகிறார்கள்.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவது.

சீசன் என்பது என்ன?

ஓர் ஊருக்குச் 'சீசன்' என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அங்கே கூட்டம் கூடும் காலத்தையே. உதகைக்கும் கோடைக்கானலுக்கும் சித்திரையும் வைகாசியும் சீசன். சமவெளி கொதிக்கும்போது மலைக்கு ஓடுவது இயல்பே. ஆனால் அந்தக் கூட்டம் மலை தாங்கும் அளவைக் கடந்துவிட்டது. ஆகையால்தான் சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் வாகனத்தில் செல்வோர் இ-பாஸ் பெறவேண்டும் என்ற முறை நடைமுறைக்கு வந்தது.

தை மாதத்திலோ அம்மலைகளின் நிலை வேறு. பொங்கல் விடுமுறை கழிந்த பின், வார நாட்களில் கூட்டம் குறையும், வாடகையும் இறங்கும். கூட்டம் பிடிக்காத இளந்தம்பதியர்க்கு அது நல்ல காலமே. ஆனால் நீலகிரிப் பள்ளத்தாக்குகளில் அப்போது உறைபனி விழும். இரவில் வெப்பநிலை சுழியத்தை நெருங்கும். ஆஸ்துமா உள்ள தாத்தாவையும் கைக்குழந்தையையும் அக்குளிருக்கு அழைத்துச் செல்வது அறிவுடைமை ஆகாது.

வேளாங்கண்ணியை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அங்கே கால் வைக்க இடமிராது. கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு நாட்களிலும் பெருங்கூட்டமே. சனவரிக் கடைசியில் ஒரு செவ்வாய் அல்லது புதனன்று செல்வோருக்கு அதே திருத்தலம் அமைதியோடு கிடைக்கும். இடம் ஒன்றே, காலம் மாறினால் பயணத்தின் தன்மையும் மாறுகிறது.

ஆகவே, கூட்டமில்லாத ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், நாம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "இவ்வூர் இப்போது ஏன் காலியாக இருக்கிறது?" ஆபத்தோ, தாங்கமுடியாத வெயிலோ, குளிரோ காரணமானால், அந்தக் காலி இடம் நமக்கு வேண்டியதில்லை. வெறும் பழக்கத்தினாலேயே மக்கள் அங்கே செல்லாதிருந்தால், அதுவே நாம் தேடும் இடம்.

அத்தகைய இடம் ஒன்றைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. அது விழுப்புரமும் திண்டிவனமும் சூழ்ந்த நம் சொந்த நிலமே.

கடந்து செல்லும் ஊர்கள்

விழுப்புரத்தைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அங்கே இறங்கியவர்தாம் குறைவு. சென்னையிலிருந்து சுமார் 160 கி.மீ. தொலைவில், திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று பல திசைகளுக்கும் இருப்புப்பாதைகள் பிரியும் பெருஞ்சந்திப்பு அது. நள்ளிரவில் வண்டி நிற்கும், தேநீர் வாங்கிக் குடிப்போம், வண்டி புறப்படும். திண்டிவனத்தின் நிலையும் அதுவே. புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் சாலை பிரியும் இடம் என்ற அளவில்தான் பலர் அதை அறிவர்.

ஆனால் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னே, பயணிகளை இந்நிலத்திற்கு வழிகாட்டி அழைத்த நூல் ஒன்று தமிழில் உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையே அது. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. ஓய்மா நாட்டு வள்ளல் நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு, எவ்வழியே செல்லவேண்டும், வழியில் எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்று அது எடுத்துரைக்கிறது. கடற்கரையில் உள்ள எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளிச்சோறும் இறைச்சியும், வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோறும் நண்டும் என்று வழிநெடுக விருந்து. அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று அறிஞர் கொள்வர். நல்லியக்கோடனுக்கு உரிய கிடங்கில், இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. பாணன் பொருள் இல்லாதவன். பெரிய குடும்பம் உடையவன். அவனுக்கும் உரிய பயணம் ஒன்று இந்நிலத்தில் இருந்தது என்பதை எண்ணும்போது, நம் குடும்பங்களுக்கும் நம்பிக்கை பிறக்கிறது.

புயல் தரும் எச்சரிக்கை

காலத்தைப் பற்றி ஒரு சொல். நவம்பரும் டிசம்பர் முதற்பாதியும் இப்பகுதிக்குப் புயல் மாதங்கள். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறியதால் இரயில்கள் நின்றன. தென்பெண்ணைக் கரை ஊர்கள் நீரில் தத்தளித்தன. அந்நாட்களில் இப்பக்கம் செல்வோர் உதவி செய்யச் செல்லலாமே அன்றி, உல்லாசத்திற்குச் செல்லலாகாது.

கிறிஸ்து பிறப்புக்குப் பின் மழை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். தை பிறந்தால் வானம் தெளியும். ஏரிகளில் நீர் நிறைந்திருக்கும். வயல்களில் நெல் தலைசாய்ந்திருக்கும். கரும்பு வண்டிகள் ஆலையை நோக்கி வரிசையாய் நகரும். விடியலில் பனிமூட்டம், நண்பகலில் இதமான வெயில். மாசி முடிவுவரை இந்த நிலை நீடிக்கும். சித்திரையில் இதே நிலம் அனலாய்க் கொதிக்கும். எனவே பனிக்காலமே இந்நிலத்தின் உண்மையான பருவம். நாம்தான் அதைச் சீசன் என்று அழைக்கப் பழகவில்லை.

செஞ்சி

முதல் நாளைச் செஞ்சிக்கு ஒதுக்கலாம். திண்டிவனத்திலிருந்து சுமார் 28 கி.மீ.; விழுப்புரத்திலிருந்து சுமார் 38 கி.மீ. இரண்டு ஊர்களிலிருந்தும் பேருந்துகள் உண்டு. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை இது. இராசகிரி மட்டும் ஏறத்தாழ 800 அடி உயரம். உச்சிக்கு அருகே பெரும் பிளவொன்று குறுக்கிடுகிறது. அதன்மேல் அமைந்த பாலத்தைக் கடந்தே உள்ளே செல்லவேண்டும். பாலத்தை எடுத்துவிட்டால் ஒரு சிறு படையே பெருஞ்சேனையைத் தடுத்துவிடலாம். மொகலாயப் படை 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை இழுத்ததன் பொருள், அவ்விடத்தில் நின்று கீழே பார்த்தால் விளங்கும்.

நாயக்கர், பீசப்பூர் சுல்தான், 1677இல் சிவாசி, பின்னர் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கைமாறிய கோட்டை இது. சேசு சபைக் குருவாகிய நிக்கோலாசு பிமெந்தா அடிகளார் 1597இல் இங்கு வந்தார். இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் இதுவே பெரியது என்றும், போர்த்துக்கல் நாட்டில் லிசுபன் நீங்கலாக இதைவிடப் பெரிய நகர் இல்லை என்றும் அவர் எழுதிவைத்தார். இன்றைய செஞ்சியின் சிறு கடைத்தெருவில் நின்று அதை நினைக்கும்போது, மனிதர் எழுப்பும் பெருமையின் ஆயுள் எவ்வளவு என்பது பிள்ளைகளுக்கும் புரியும். 2025 சூலையில் யுனெசுகோ, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராட்டிரத்திற்கு வெளியே அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சியே.

1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி, இளவயதிலேயே மாண்ட தேசிங்குராசனின் கதையை நம் பாட்டிமார் அறிவர். அவனோடு உயிர்விட்ட தோழன் மோவத்துக்கான் இசுலாமியன். இந்து அரசனும் முசுலீம் நண்பனும் ஒரே களத்தில் மாண்டதை நாட்டுப்பாடல் பிரிக்காமல் பாடுகிறது. கோட்டைக்குள்ளும் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் மசூதியும் நிற்கின்றன.

ஒரு தைத் திங்களில் நாங்கள் சில குடும்பங்களாய் அங்கே சென்றிருந்தோம். எங்களுள் மூத்தவராகிய அம்மையார் ஒருவருக்கு முழங்கால் வலி. "நீங்க ஏறிட்டு வாங்கப்பா. நான் இந்த மண்டபத்து நிழல்ல உக்காந்திருக்கேன்" என்று கலியாண மகால் அருகே அமர்ந்துவிட்டார். இளைஞர்கள் மேலே சென்று திரும்பும்வரை, தோட்டத்துப் புல்வெளியும், யானைக்குளமும், நெற்களஞ்சியத்தின் வளைந்த கூரையும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. ஏற முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் ஒரே இடத்தில் ஏதேனும் இருப்பது குடும்பப் பயணத்திற்கு மிகவும் வேண்டிய தகுதி. சித்திரையில் இதே பாறையில் காலணியின்றி நிற்கவும் முடியாது.

காலை ஒன்பது மணிக்கே ஏறத் தொடங்குதல் நன்று. மேலே கடை இல்லை. குடிநீர் கையில் இருக்கவேண்டும். குரங்குகளுக்குத் தின்பண்டப் பை தெரியலாகாது. காணும் பொங்கலன்று மட்டும் செல்லவேண்டாம்; அன்று கூட்டம் மிகும்.

நேரம் இருந்தால் அருகே உள்ள திருநாதர் குன்றையும் காணலாம். ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைக் குறிக்கும் பழங்கல்வெட்டும் அங்கே உண்டு. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் மேல்சித்தாமூரும் திண்டிவனத்திற்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் உள்ளது.

கல்லான மரமும் குடைந்த கல்லும்

இரண்டாம் நாளைக்கு இரண்டு கற்கள் போதும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில், சுமார் 20 கி.மீ. தொலைவில் மண்டகப்பட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் அங்கே உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் அயன், அரன், அரி மூவர்க்கும் இக்கோயிலை எடுத்ததாக அவன் கல்வெட்டில் பொறித்திருக்கிறான். அளவில் சிறியது, பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் மாமல்லபுரத்தில் நாம் வியக்கும் கல்வேலைக்கெல்லாம் முன்னோடி இதுவே. வாயிலின் இரு புறமும் நிற்கும் காவலர் உருவங்களைக் குழந்தைகள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

அடுத்தது திருவக்கரை. மயிலத்தைத் தாண்டிச் சென்றால், செம்மண் மேட்டில் மரத்துண்டுகள் கிடப்பதைப் போலக் கற்கள் கிடக்கும். மரம்போல் தோன்றும் கல் அல்ல அது. கல்லாய் மாறிய மரமே. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் அடித்துவந்த மரங்கள் மணலில் புதைந்தன. காற்றுப் படாமையால் அவை மக்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் மெல்ல மெல்லப் படிந்து, மரத்தின் இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. ஆண்டு வளையமும் நாரும் கணுவும் அப்படியே தெரிகின்றன. கிளையும் வேரும் இலையும் அங்கே காணப்படாததால், மரங்கள் வேறிடத்திலிருந்து அடித்துவரப்பட்டவை என்று அறிவியலார் முடிவு செய்தனர். சொன்னெரா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1781இல் இவற்றைப் பற்றி முதலில் எழுதினார். 1940 முதல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகக் காத்து வருகிறது. பரப்பு 247 ஏக்கர்.

இங்கே பெற்றோர் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் கற்பிக்கவேண்டும். ஒரு சிறு துண்டைக்கூடச் சட்டைப்பையில் போடலாகாது. "ஒன்றுதானே" என்று ஆளுக்கொன்றாய் எடுத்தால், 2 கோடி ஆண்டுகள் மண் காத்த செல்வம் ஒரு தலைமுறையில் தீர்ந்துவிடும்.

மாலையில் புதுச்சேரிப் பக்கம் திரும்பினால் வில்லியனூர் அருகில்தான். 1877 முதல் லூர்து மாதாவின் திருவுருவம் வணக்கம் பெறும் அத்திருத்தலம், தேர்விழாக் கூட்டமில்லாத இந்நாட்களில் செபிக்க ஏற்றதாய் இருக்கும்.

கழுவெளியும் உப்பளமும்

மூன்றாம் நாள் விடியற்காலையில் மரக்காணம் செல்லவேண்டும். அதற்கருகே பரந்து கிடக்கும் கழுவெளி ஏரி, தென்னிந்தியாவில் பழவேற்காட்டிற்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. ஒரு கோடியில் மழைநீரும் மறுகோடியில் கடலின் உப்புநீரும் கலக்கும் நிலம் இது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, கோடையில் வறளும். நீர் உள்ள மாதங்களில்தான் வடநாடுகளிலிருந்து வாத்தினங்களும், பூநாரைகளும், உள்ளான்களும் வந்து தங்கும். ஆக, பறவைகளும் நாம் சொல்லும் பனிக்காலத்தையே தேர்ந்தெடுக்கின்றன! 2021 டிசம்பரில் சுமார் 5,151 எக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

சூரியன் எழும் நேரம் பார்ப்பதற்கு உகந்தது. உரத்த பேச்சும் பாட்டுப்பெட்டியும் வேண்டாம். பிள்ளைகள் கல்லெறிந்து பறவைகளைப் பறக்கவிட்டுப் பார்க்கத் துடிப்பார்கள், தடுக்கவேண்டும். பல ஆயிரம் கி.மீ. பறந்துவந்து இரைதேடும் பறவைக்கு, வீணாய்ப் பறக்கும் ஒவ்வொரு முறையும் உடல்வலு குறைகிறது.

அருகேயே மரக்காணத்து உப்பளங்கள். மழை மாதங்களில் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். அம்மாதங்களில் உப்பளத் தொழிலாளர்க்கு வேலை இல்லை. தையில் சேறு மிதித்துப் பாத்தியைச் சீர்செய்யும் வேலை தொடங்கும். அதன்பின் வாரங்கள் சென்றே உப்பு விளையும். பயணிக்குக் கூட்டமில்லாத காலம் என்பது இனிமையான சொல். ஆனால் வேலையில்லாக் காலம் என்பது அதே ஊரில் இன்னொரு வீட்டின் அடுப்பு அணைந்த கதை. நாம் உப்பிட்டு உண்ணும் சோற்றில் அவர்கள் வெறுங்கால்களின் வெடிப்பும் கலந்திருக்கிறது. இதை நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் கண்ணால் காண்பது, நூறு நீதிக்கதைகளைவிட மேலானது.

செலவும் நடத்தையும்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஓர் அறை எடுத்துத் தங்கினால், மூன்று நாளும் அங்கிருந்தே சென்று திரும்பலாம். மூட்டைகளைத் தினமும் கட்டி அவிழ்க்கும் வேலை இல்லை. செஞ்சிக்கும் மரக்காணத்திற்கும் பேருந்து போதும். திருவக்கரை, மண்டகப்பட்டு செல்லும் இரண்டாம் நாளுக்கு மட்டும், இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசிக்கொள்வது சிக்கனம். இப்பகுதியிலேயே வாழும் குடும்பங்களுக்கு அறையும் தேவையில்லை. காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பலாம்.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். கட்டுச்சோறு எடுத்துச் செல்வது சிக்கனம்தான். ஆனால் அதை விடியற்காலையில் எழுந்து கட்டவேண்டியவர் யார்? வீட்டுப் பெண்ணின் வேலை இரட்டிப்பானால் அது அவருக்கு விடுமுறை அன்று. ஒரு வேளையேனும் உள்ளூர்ச் சிற்றுண்டிச் சாலையில் உண்போம். பனங்கிழங்கும், கரும்பும், இப்பக்கத்தார் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலையும் சாலையோரப் பாட்டிகளிடம் வாங்குவோம். பெரிய விடுதியில் வாய்பேசாமல் பணம் தரும் நாம், இவர்களிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசவேண்டாம்.

ஊட்டியும் மூணாறும் அழகில்லாதவை என்று நாம் கூறவில்லை. வசதியுள்ளோர் தக்க காலத்தில் சென்று மகிழட்டும். ஆனால் கடன்பட்டுத் தொலைதூரம் சென்றால்தான் பிள்ளைகளுக்கு உலகம் தெரியும் என்று எண்ணி, ஆண்டுதோறும் மனம் புழுங்கும் பெற்றோர் பலர். அவர்களுக்காகவே இதை எழுதினோம். இரண்டு கோடி ஆண்டு வயதான மரமும், எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டையும், கடல்கடந்து வரும் பறவைகளும் ஒரு பேருந்துக் கட்டணத் தொலைவில் இருக்கின்றன. பிள்ளைகள் பெரியவர்களான பின் நினைவில் வைத்திருக்கப் போவது, அப்பாவும் அம்மாவும் அவசரமின்றித் தங்களோடு நடந்த அந்த மூன்று நாட்களையே.

ஆகவே, அடுத்த முறை வண்டி விழுப்புரம் சந்திப்பில் நிற்கும்போது, தேநீரோடு நின்றுவிடாமல் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்குவோம்.